எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு

குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கும் நண்பர்களே,

சென்ற மாதம் ஒரு திரையிடலில் ஆறு குறும்படங்கள் பார்த்தேன். மூன்றில் யாரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்கள். மூன்றிலும் ஒரே பியானோ. எது என்று உங்களுக்கே தெரியும்: இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் பியானோவுக்கும் வயலினுக்குமாக 1978-ல் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்', அதாவது கண்ணாடிக்குள் கண்ணாடி. உரிமை வாங்கினீர்களா என்று கேட்க வரவில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கிளிசரின் மாதிரி சொட்டு சொட்டாக ஊற்றுகிறீர்களே, அதுதான் என் வருத்தம்.

பேர்ட் ஒருவகையில் உங்கள் ஆள். 1935-ல் எஸ்டோனியாவில் பிறந்தவர். வானொலியில் ஒலிப்பதிவாளராகச் சுமார் பத்து வருடம் வேலை பார்த்தார். 1968-ல் அவருடைய 'கிரேடோ', அப்போது சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் அரங்கேறியது. கிறிஸ்துவை நம்புகிறேன் என்று சோவியத் மேடையில் பாட வைத்தால் சும்மா விடுவார்களா? பெரிய வம்பாகிவிட்டது. அதற்கப்புறம் எட்டு வருடம் ஏறக்குறைய மௌனம். 1971-ல் வந்த மூன்றாம் சிம்பொனி ஒரு விதிவிலக்கு. பழைய தேவாலயப் பாடல்களின் ஒற்றை வரி மெட்டுகளை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுப்பாட்டுக்குச் சினிமா இசை. ஆகவே காட்சிக்குப் பின்னணி போடுவது கேவலம் என்று அவர் சார்பில் யாரும் சொல்ல முடியாது.

அந்த மௌனத்திலிருந்து 1976-ல் 'ஃப்யூர் அலினா' என்ற இரண்டு பக்கப் பியானோ துண்டோடு வெளியே வந்தார். அதன் முறைக்கு 'டின்டினாபுலி' என்று பெயர் வைத்தார், சிறு மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து. இரண்டு குரல்கள். ஒன்று ஸ்வர வரிசையில் படிப்படியாக நடக்கும். மற்றது ஒரே கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின், மூன்று ஸ்வரங்களுக்குள் மட்டும் நகரும். நம் சுருதிப் பெட்டி போலத் தோன்றும், ஆனால் இது சும்மா நிற்காது; மெட்டு எங்கே போகிறதோ அதற்கு ஏற்ற ஸ்வரத்தை விதிப்படி எடுத்துக்கொடுக்கும். கேட்க எவ்வளவு எளிமையோ, உள்ளே அவ்வளவு கறார்.

'ஷ்பீகல்' துண்டையே நம் கணக்கில் பாருங்கள். எஃப் மேஜர் ஸ்கேல்; அந்த எஃப் ஸ்வரத்தை ஸ என்று வைத்துக்கொள்வோம். பியானோ மும்மூன்று ஸ்வரமாக உதிர்த்துக்கொண்டே இருக்க, வயலின் முதலில் ரி–க என்கிறது. அடுத்து ம–க. கீழிருந்து ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை. அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்வரம் கூடுகிறது, பயணம் நீள்கிறது, ஆனாலும் அந்தக் க-வுக்கே, காந்தாரத்துக்கே, திரும்பி வருகிறது. பத்து நிமிடத்துக்கு நடப்பது இவ்வளவுதான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நாற்பது வினாடி எடுத்து, மேலே வாய்ஸ் ஓவர் போட்டு, வயலின் வீடு திரும்பும் முன்பே ஃபேட் அவுட் கொடுக்கிறீர்கள்.

முழுசாக வையுங்கள் என்று சொல்லவில்லை, அது நடக்காது என்று தெரியும். காந்தாரம் வந்து நிற்கிற இடத்தில் வெட்டுங்கள். பேச்சை ஒரு சுற்றுக்காவது நிறுத்துங்கள். காட்சி அதைத் தாங்காது என்றால் அந்தக் காட்சிக்கு இந்த இசை வேண்டாம். கண்ணீர் வரவழைக்க மலிவான பியானோக்கள் நிறைய கிடைக்கின்றன.

இன்னொன்று. அன்றைய நான்காவது படத்தின் முடிவில் பேர்ட்டின் 'காண்டஸ்' வந்தது. 1976 டிசம்பரில் இறந்துபோன ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்காக, மறுவருடம் தந்தி வாத்தியங்களுக்கும் ஒரே ஒரு மணிக்கும் எழுதியது. எல்லா வாத்தியங்களும் ஒரே இறங்கு வரிசையை வெவ்வேறு வேகத்தில் வாசித்துக்கொண்டே அடிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே உறைந்து நிற்கும். கடைசி முறை மணியை மெல்லத் தட்டுவார்கள், அப்போது அது காதில் விழாது. தந்திகள் சட்டென்று நின்றதும்தான் அந்த ரீங்காரம் மட்டும் கூடத்தில் மிஞ்சியிருப்பது தெரியும்.

அன்று தந்திகள் நின்ற அதே நொடியில் திரையில் ஸ்பான்சர் லோகோ வந்தது, தனக்கான ஜிங்கிளோடு.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன்