பெரியப்பாவுக்கு, கல் வைக்கும் முன்

பெரியப்பா,

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு வருஷத் திதி. கிணற்று மேட்டில் கல் வைக்கிறோம். அதில் என்ன எழுதுவது என்று மூன்று மாதமாக வீட்டில் பேச்சு ஓடியது. இன்று காலை நானே கல் பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பெயர், பிறந்த வருடம், போன வருடம், அதற்குக் கீழே ஒரு வரி: 'இந்தியத் துணை விமானப்படை, 53 ஸ்குவாட்ரன், மெட்ராஸ்'.

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது. வேண்டாம் என்றவர் யார், என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் படிப்பார்கள். உங்களுக்குத் தெரியும், அது போதும். பொதுவில் ஏன் எழுதுகிறேன் என்றால், உங்களை நான் பேசியதும் பொதுவில்தான். ஒரு பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது.

1988, தை. தங்கச்சியின் நிச்சயம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த பவானி ஜமக்காளம்தான். அதன் ஓரத்தில், சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர், யாரோ சொல்லிக் கேட்டு, உங்கள் பக்கம் திரும்பினார். "ஏர்ஃபோர்ஸ்ல இருந்தீங்களாமா? எந்த ஸ்குவாட்ரனுங்க?" விமானப்படையில் எந்தப் பிரிவு என்ற அந்தக் கேள்வியை நம் ஊரில் அதுவரை யாரும் உங்களிடம் கேட்டதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தீர்கள். "ஃபிஃப்டி த்ரீங்க. மெட்ராஸ்." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் குறுக்கே விழுந்தேன்.

"அட, அது வெறும் ரிசர்வுங்க. ஞாயித்துக்கிழமைப் பட்டாளம்."

பந்தலே சிரித்தது. அந்தப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, இலை போதுமா என்று பார்க்க எழுந்து போனீர்கள். அன்று மூன்று பந்திக்கும் ரசம் ஊற்றியது நீங்கள்தான். என் இலைக்கும் ஊற்றினீர்கள்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அப்பாவுக்கு மில் சம்பளம் நின்று எட்டு மாதம். நகைப் பேச்சு இழுபறி. நம்மைப் பெரிய இடம் என்று நினைத்துவிட்டுப் பிறகு குறை சொல்வார்களோ என்று பயம், அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான். பயம் இருந்தது உண்மை. 'வெறும்' என்ற சொல் மட்டும் பயத்தில் வரவில்லை. அதை நான் வேண்டுமென்றே போட்டேன். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த 'ரிசர்வ்' என்ற சொல்லும் தப்பு. நீங்கள் போன பிறகுதான் 1952-ஆம் வருடத்து 'ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்ட'த்தை உட்கார்ந்து படித்தேன். தலைப்பிலேயே ரிசர்வ் வேறு, துணைப்படை வேறு. படையில் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு ஒரு ரிசர்வ். வெளியில் விமானத் தொழில் தெரிந்தவர்களைத் தேவைக்குக் கூப்பிட வான் பாதுகாப்பு ரிசர்வ் என்று இன்னொன்று. மூன்றாவதுதான் துணை விமானப்படை: பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாளில் போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்கிற சாதாரண ஆட்களின் ஸ்குவாட்ரன்கள். டில்லிக்கு 51, பம்பாய்க்கு 52, மெட்ராஸுக்கு 53. நீங்கள் ரிசர்வே கிடையாது. அன்றைக்கே ஒரு வாக்கியத்தில் என்னைத் திருத்தியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட அடுத்த வாரம் வந்து காலில் விழுந்திருப்பேன். அதற்குப் பிறகு என் முன்னால் நீங்கள் 53 என்ற எண்ணையே வாயில் எடுக்கவில்லை. பெருந்தன்மை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது வருடக்கணக்கில் நடந்த தண்டனை. அழுத்தக்காரர் நீங்கள்.

சொல்லத் தொடங்கிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் பஸ் பட்டறை வேலை வாரம் ஆறு நாள். ஏழாவது நாளை ஸ்குவாட்ரனுக்குக் கொடுத்தீர்கள். பெரியம்மா இங்கே கைக்குழந்தையோடு, ஆத்தாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு. 'ஞாயித்துக்கிழமைப் பட்டாளம்' என்ற பேரை நான் உண்டாக்கவில்லை பெரியப்பா. முதலில் சொன்னது பெரியம்மாதான், அடுப்படியில், அழுதுகொண்டே. அவர் சொல்ல நியாயம் இருந்தது. எனக்கு இல்லை.

உங்களுக்கே தெரியாத ஒன்றும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளத்துக்கு மெட்ராஸில் அப்பன் பாட்டன் உண்டு. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும், பறக்கும் கிளப்புகளில் ஓட்டிக்கொண்டிருந்த ஆட்களை எல்லாம் தொண்டர் ரிசர்வில் சேர்த்துக் கடலோரக் காவல் பிரிவுகள் அமைத்தார்கள். மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் என்று ஆறு. முதல் எண் பரங்கிமலைக்கு. அவர்களுக்குக் கிடைத்தது வாப்பிட்டி என்ற பழைய இரட்டைச் சிறகு விமானம். அதை வைத்துக்கொண்டு கடல் மேல் போய்க் கப்பல்களுக்குக் காவல் பார்த்தார்கள். 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இந்தக் கரையில் அந்தத் தொண்டர்களும் இருந்தார்கள். அந்த வருடத்தோடு பிரிவுகளைக் கலைத்து ஆட்களை வேறு ஸ்குவாட்ரன்களுக்குப் பிரித்துவிட்டார்கள். உங்களுக்கும் கடைசியில் அதேதான். இதை உங்கள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லித் தந்தது எனக்கு மறக்கவில்லை. பத்து வயதில் ஆயில் எஞ்சினை ஓட்டப் பழக்கினீர்களே. "எடுத்த எடுப்புல முடுக்காதடா கண்ணு. மொதல்ல கையில மெதுவாச் சுத்து. உள்ள என்ன இருக்குதுன்னு கை சொல்லும்." எங்கே கற்றது என்று கேட்டதற்கு ஹார்வர்டு என்ற பயிற்சி விமானத்தின் கதை வந்தது. வட்டமாக ஒன்பது சிலிண்டர். இரவெல்லாம் நின்றால் அடிப்பக்கச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதனால் காலையில் முதல் வேலை, ப்ரொப்பெல்லரைப் பிடித்துக் கையாலேயே சுற்றுவது. எங்காவது இறுகினால் நிறுத்திவிட வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது. விமானி வருவதற்கு முன்பே அந்த வேலை முடிந்திருக்கும், யார் சுற்றியது என்று அவருக்குத் தெரியாது என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு அன்று புரியவில்லை.

நம் தோட்டத்துக்கு மேலேயே சூலூர் விமானங்கள் போகும். பார்க்காமலே, சத்தத்தை வைத்து இன்னது என்று சொல்வீர்கள். கடலே இல்லாத நம் ஊரில் வெள்ளைக்காரக் கடற்படை இரண்டு 'கப்பல்' வைத்திருந்த கதையை எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். தரையில் இருந்த விமானத் தளங்களுக்கே கப்பல் போலப் பேர் வைத்திருந்தார்கள்: பீளமேட்டுத் தளத்துக்குக் கருடா, சூலூருக்கு வைரி. 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து அந்தமான் போன ஏஎன்-32 விமானம் இருபத்தொன்பது பேரோடு காணாமல் போனது. அது நம் சூலூர் 33 ஸ்குவாட்ரன் வண்டி என்று தெரிந்ததும் இரண்டு நாள் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டீர்கள். 2024 ஜனவரியில் கடலுக்கடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவு கிடைத்த செய்தியை நான் வாசித்தபோது, "கெடச்சுருச்சா" என்று மட்டும் கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

அப்புறம் 2020 மே 27. ஊரடங்கு. 18 ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு சூலூரில் மறுபடி தொடங்கிய நாள். 1971-இல் ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன் உயிர் கொடுத்த அதே ஸ்குவாட்ரன். 2016-இல் அதன் விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தாலும், எண்ணையும் சின்னத்தையும் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, நாலு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். டிவியில் பார்த்துவிட்டு, "நெம்பர எடுத்து வெச்சிருந்து குடுத்திருக்காங்க பாரு" என்றீர்கள். உங்கள் எண்ணைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிச்சயத்தைப் பேச வேண்டி வரும்.

கடைசியாக ஒன்று, இதை எழுதத்தான் கை வரவில்லை. பழைய வீட்டை இடித்தபோது உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னேன். கரையான் தின்றது பாதிதான். மீதியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய பேப்பர் கடையில் போட்டது நான். அதில் உங்கள் விடுவிப்புச் சான்று இருந்திருக்கும். இன்று கல்லில் அந்த வரிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். ஆதாரத்தை எடைக்குப் போட்டவன் நான்தான் என்று இதோ எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிட்டேன். இனி அவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், வரி இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரும் இப்போது இல்லை. அவர் மகனுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கல் வருகிறது. கிணற்று மேட்டுக்கு வண்டி ஏறாது. நாலு பேர் தூக்க வேண்டும் என்று கல் பட்டறைக்காரர் சொன்னார். மூன்று பேரை அனுப்பினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.