‘ஒரு ஸ்பூன்’ என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் வரும் கைவைத்தியக் குறிப்புகளைக் கத்தரித்து வைத்துக்கொள்கிற ஆள் நான். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் இப்போதும் ஒன்பது துண்டுகள் ஒட்டியிருக்கின்றன, எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டில் எழுத்தே தெரியாது. அதனால் கைவைத்தியமே கூடாது என்று சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இஞ்சி, பூண்டு, மிளகு, கிராம்பு எல்லாம் மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மருந்து என்பதால்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரப் பொடி ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலந்து குடித்து வர, குணமாகும். அவ்வளவுதான், இரண்டே வரி. ‘குடித்து வர’ என்றால் எத்தனை நாள்? மூன்று நாளா, மூன்று மாதமா? நம்முடைய வைத்தியக் குறிப்புகள் எல்லாமே இந்த ‘வர’வில்தான் போய் முடிகின்றன. சாப்பிட்டு வர, தடவி வர, மென்று வர. எப்போது நிறுத்துவது என்று எழுதிய குறிப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வீட்டிலேயே நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமியாருக்குத் தொண்டைக் கட்டு. அப்போது அவருக்கு 82 வயது, பல வருஷமாக பிரஷர் மாத்திரை போடுகிறவர். இதே மாதிரி எங்கோ படித்த குறிப்பைப் பார்த்து அதிமதுரம் குடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது நாளே தொண்டை சரியாகிவிட்டது, குறிப்பு பொய்யில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. “அத்தை, சரியாத்தான் போச்சே, இன்னும் எதுக்கு?” என்று கேட்டதற்கு, “நல்லதுதானேம்மா, உள்ள போனா என்ன கெட்டுப்போகுது” என்றார். நானும் விட்டுவிட்டேன். இனிப்பாக இருக்கும், காலையில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துக் கணுக்காலில் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. படி ஏறும்போது தொடை துவண்டுபோகிறது என்றார். பிரஷர் ஏறிக்கொண்டே போனது, டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அப்படியும் இறங்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் குறைந்திருந்தது. “வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். “நீங்க குடுத்ததைத் தவிர ஒண்ணும் இல்லைங்க” என்றார் அத்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை, இரண்டு பேருமே மனசார அப்படித்தான் நினைத்தோம். அப்புறம் அவர் கேள்வியை மாற்றி, “காலையில எழுந்ததும் என்ன குடிப்பீங்க?” என்று கேட்டபோதுதான் அதிமதுரம் வெளியே வந்தது. இத்தனைக்கும் நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அதிமதுரத்தின் இனிப்பு கிளிசரைசின் என்ற பொருளால் வருவது. சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்கிற ஒரு நொதி இருக்கிறது, கிளிசரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது கார்டிசால் அங்கே, உடம்பில் உப்பைத் தங்கவைக்கும் அல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்ய ஆரம்பிக்கும். உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியே போகும், பிரஷர் ஏறும். அதனால்தான் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசினுக்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது என்று ஐரோப்பாவில் எல்லை சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் உள்ளவர்களும் இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அத்தைக்கு நிறுத்திய பிறகு சில வாரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது, கூட்டிய மாத்திரையையும் டாக்டர் குறைத்தார். தொண்டைக்கு மூன்று நாள் குடித்ததோடு நிறுத்தியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

சரி, நாள் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ‘ஒரு ஸ்பூன்’ எந்த ஸ்பூன்? தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. தலை தட்டி எடுப்பது ஒன்று, கோபுரமாகக் குவித்து அள்ளுவது இன்னொன்று. என்னதான் ஆகிறது என்று வீட்டுத் தராசில் மஞ்சள் பொடியை நிறுத்துப் பார்த்தேன். தேக்கரண்டியில் தலை தட்டினால் 3 கிராம், மேசைக்கரண்டியில் குவித்து அள்ளியபோது 15 கிராம். இரண்டுமே ‘ஒரு ஸ்பூன்’தான். ஐந்து மடங்கு வித்தியாசத்தில் ஒரு மாத்திரை விற்றால் சும்மா இருப்போமா? இதில் பக்கத்தின் மேலே ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று கொட்டை எழுத்தில் வேறு போடுகிறீர்கள். அந்த அளவு எவ்வளவு என்று கீழே எங்கேயும் இருப்பதில்லை!

பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை குறைய தினமும் பட்டைத்தூள் ஒரு ஸ்பூன் என்று அடிக்கடி வருகிறது. பட்டையில் இரண்டு வகை உண்டு. தாள் தாளாகப் பல அடுக்கு சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்குவது சிலோன் பட்டை. ஒரே அடுக்காகத் தடித்து, இரண்டு ஓரமும் உள்நோக்கி மடிந்து, உடைக்கக் கஷ்டமாக இருப்பது காசியா. மலிவு என்பதால் பெரும்பாலும் வீட்டுக்கு வருவது காசியாதான். அதில் கூமரின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அளவு தாண்டி நாள்பட உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்புக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது சுமார் 2 கிராம் காசியாத் தூளில் முடிந்துவிடும், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சமையலில் எப்போதோ ஒரு துண்டு போடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஸ்பூன் ஸ்பூனாக விழுங்குகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும், அதுவும் பொடியாக வாங்கினால் எந்தப் பட்டை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

மஞ்சள் பற்றி எழுதும்போது வேறு ஒரு சிக்கல். ஆய்வில் அது தெரியவந்தது, இது தெரியவந்தது என்று போடுகிறீர்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுப்பது குர்க்குமின் என்ற சாறு, மஞ்சள் பொடி அல்ல. பொடியில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஆய்வில் ஒரு கிராம் குர்க்குமின் கொடுத்தார்கள் என்றால் அதற்கு ஈடாக முப்பது கிராமுக்கு மேல் பொடி தின்ன வேண்டும், யாரால் முடியும்? அது ரத்தத்தில் சேருவதும் மிகக் கொஞ்சம். 1998இல் வந்த ஒரு ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகில் இருக்கும் பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேருவது இருபது மடங்கு ஆனது. உடனே எல்லோரும் மஞ்சளோடு மிளகு சேருங்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். பிப்பரின் எப்படி அதைச் செய்கிறது என்று மட்டும் யாரும் எழுதவில்லை. குடலும் கல்லீரலும் வெளிப்பொருட்களைச் சிதைத்து வெளியேற்றுகிற வேலையை அது மந்தமாக்குகிறது. மஞ்சளுக்கு மட்டும் அப்படிச் செய்துவிட்டுச் சும்மா இருக்காது, வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் போன்ற மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் கூடும். சமையலில் போடுகிற மிளகை நான் சொல்லவில்லை. மிளகுச்சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரைகளைச் சொல்கிறேன். அவற்றைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பக்குவத்தையும் உங்கள் குறிப்புகள் விட்டுவிடுகின்றன. பூண்டில் மருந்தாக வேலை செய்கிற அல்லிசின் என்ற பொருள் முதலிலேயே கிடையாது. நசுக்கும்போதுதான் அல்லின் என்ற பொருளும் ஒரு நொதியும் கலந்து அது உண்டாகிறது. முழுப் பல்லாக வேகவைத்தால் சூட்டில் நொதி செத்துவிடும், அல்லிசின் பிறக்கவே பிறக்காது. நசுக்கிப் பத்து நிமிஷம் விட்டுவிட்டுப் பிறகு அடுப்பில் போடுவது ஒரு சின்ன வேலைதான், அதை ஒரு வரி எழுதினால் என்ன? இஞ்சியும் சுக்கும் ஒன்று என்று எழுதுவதும் அப்படித்தான். காயும்போது தண்ணீர் போவதோடு, இஞ்சிக்குக் காரம் தருகிற ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகால் என்ற வேறொன்றாக மாறுகிறது, அது இன்னும் காரம்.

பக்குவம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ரத்தம் கசிந்து கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்தார். கடல் தண்ணீர் குடித்தவர்கள் தேறவில்லை, வினிகர் குடித்தவர்கள் தேறவில்லை, பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த விழுது தின்றவர்களும் தேறவில்லை. ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மட்டும் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடமாடினார்கள். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அதே லிண்ட், பழம் நாள்பட நிற்காதே என்று சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துப் பாகாக்கி எடுத்துப்போகச் சொன்னார். சுண்டியதில் வைட்டமின் சி போய்விட்டது. மருந்து கையில் இருந்தும் பக்குவத்தில் கோட்டை விட்டார். ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795இல்தான். நேர் எதிர்ப்பக்கம் சீனத்து மருந்து ஆராய்ச்சியாளர் தூ யூயூ. மாசிப்பத்திரி வகையைச் சேர்ந்த ஒரு செடியைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தபோது மலேரியாவுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. பழைய வைத்திய ஏட்டில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்ததைக் கவனித்துச் சூட்டைக் குறைத்தார், மருந்து கிடைத்தது, 2015இல் நோபலும் கிடைத்தது. அந்த ஏட்டை எழுதியவர் ‘செடியைச் சாப்பிட்டு வர’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால்?

யாருக்கு ஆகாது என்பதை எழுதுவதற்கு உங்களுக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டியதில்லை. தேன் நல்ல மருந்து, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி கொடுத்தால் நன்றாகத் தூங்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அந்தச் சின்னக் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு பஞ்சில் தொட்டு வைப்பது பல் டாக்டர்களே ஒத்துக்கொள்கிற விஷயம், அதில் உள்ள யூஜினாலை அவர்களே பயன்படுத்துகிறார்கள். அதே எண்ணெயை ஒரு குழந்தை இரண்டு தேக்கரண்டி குடித்துவிட்டால் கல்லீரல் போய்விடும், பாட்டிலை எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தினமும் பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ எடுப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும், ரத்தம் உறைவது தாமதமாகும். இவ்வளவுதான், இதற்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

நல்லபடியாக எழுதப்பட்ட குறிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலை தட்டி 6 தேக்கரண்டி, உப்பு தலை தட்டி அரைத் தேக்கரண்டி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பிரயோஜனம் இல்லை. ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்காமல் புதிதாகக் கலக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தால், கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது அலமாரியில் இருக்கும் உப்பும் சர்க்கரையும்தான். இதைவிடப் பெரிய கைவைத்தியம் எனக்குத் தெரியாது. பாருங்கள், இதில் எங்கேயாவது ‘குடித்து வர’ இருக்கிறதா?

என் அலமாரிக் கதவில் இருக்கும் ஒன்பது துண்டுகளில் ஐந்தின் ஓரத்தில் அளவு, நாள், யாருக்கு ஆகாது என்று நானே பேனாவால் எழுதிவிட்டேன். மீதி நான்குக்குத் தேடிப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை. அந்த நான்கின் நகலையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், எழுதியவர்களிடம் கேட்டு அடுத்த வாரம் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை