பொன்னாடை குறையட்டும், கேள்வி நேரம் கூடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நூலக வாசகர் வட்டங்கள் நடத்தும் வரலாற்று உரைகளில் அடிபடுவது கேள்வி நேரம்தான். வரவேற்பும் பொன்னாடையும் அரை மணியைத் தின்றுவிடும். பேச்சாளர் முடிப்பதற்குள் கூட்டம் பேருந்துக்கு எழுந்துவிடும். உரை 40 நிமிடம், கேள்வி 40 நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடலாம்.

குடியுரிமை, கோயில் நுழைவு போன்ற சூடான பொருள்களுக்கு மைக்கைக் கூட்டத்துக்குள் விட்டால் கேள்வி தனிச் சொற்பொழிவாகிவிடும். துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதி வாங்கி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து நெறியாளர் வாசிக்கட்டும். ஊருக்குள் முகம் பார்த்துத் தயங்குபவர்கள் அப்போதுதான் கேட்பார்கள். அரசியலமைப்பின் 5 முதல் 11 வரையான பிரிவுகள், 1955 குடியுரிமைச் சட்டம், 2019 திருத்தம் ஆகியவற்றில் தேவையான வரிகளை மட்டும் இரண்டு பக்கத்தில் நகலெடுத்து முன்கூட்டியே கொடுத்தால் பாதிச் சண்டை எழாது.

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்களின் ஊர்கள் இவை. 1963-64இல் பர்மா அரசு வங்கிகளையும் கடைகளையும் தேசியமயமாக்கிய பின் திரும்பியவர்களின் வீட்டுப் பழைய கடவுச்சீட்டிலிருந்தே குடியுரிமைப் பேச்சைத் தொடங்கலாம்.

முகூர்த்த நாள்களைத் தவிர்க்கவும். இங்கே கல்யாண வீட்டோடு எந்தக் கூட்டமும் போட்டி போட முடியாது!

– வாசகர், காரைக்குடி