இணைய வகுப்பும் மாணவர் மனநலமும்

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக மானியக் குழு 2021 முதல் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான 'ஸ்வயம்' வழியே படிக்க அனுமதிக்கிறது. ஆனால், இப்படி இணையத்தில் படிக்கும் மாணவரின் மனநிலையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. படுக்கையில் சாய்ந்தபடி செல்போனில் பாடம் கேட்டுப் பழகினால், படுக்கை என்றாலே மூளை விழித்துக்கொள்ளும். நள்ளிரவு தாண்டியும் தூக்கம் பிடிக்காது. மேசை, நாற்காலி அவசியம். 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க இடைவேளை விடுங்கள். திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் களைப்புதான். தன் முகம் தெரியும் அந்தச் சிறு கட்டத்தை மறைத்துவிடலாம்.

ஒரு மாணவர் தொடர்ந்து மூன்று நாள் கேமரா, மைக் இரண்டையும் அணைத்தே வைத்திருந்தால், வகுப்பு ஆசிரியர் போனில் அழைக்க வேண்டும். "சாப்பிட்டியாப்பா, தூங்கினியா?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஒவ்வொரு வகுப்பு இணைப்போடும் இந்த எண்ணையும் அனுப்புங்கள்.

- கல்லூரி மனநல ஆலோசகர்கள், மதுரை