ஆன் ஆகாத லேப்டாப்பை அப்படியே காயலாங்கடையில போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க குடியாத்தம் பக்கம் நிறைய வீட்டுல பரண் மேலயோ பீரோவுக்குள்ளயோ ஒரு பழைய லேப்டாப் கிடக்குது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு அரசு ஆரம்பிச்ச திட்டத்துல எல்காட்ங்கிற அரசு மின்னணு நிறுவனம் மூலமா வாங்கி பிளஸ் டூ புள்ளைங்களுக்குக் குடுத்தது, அப்புறம் சீட்டு கட்டி காசு சேத்து வாங்கினது, எல்லாம் இருக்குது. பட்டனை அழுத்தினா லைட்டும் எரியல சத்தமும் வரல, கடைக்கு எடுத்துக்கினு போனா திறந்துகூட பாக்காம "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னு, அதாவது உள்ள எல்லா பாகத்தையும் இணைக்கிற மெயின் போர்டே போச்சுன்னு சொல்லி அனுப்பிடுறாங்க, கடைசியில அது கிலோ கணக்குல காயலாங்கடைக்குப் போவுது. அப்படிப் போறதுல கொஞ்சம் கைவேலை பண்ணா ஓடக்கூடியதும் இருக்குதுங்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல், அதனாலதான் இந்தக் கடிதம்.

முதல்ல ப்ளக் பாயிண்ட்ல வேற ஏதாவது சொருகி கரண்ட் வருதான்னு பாருங்க. அடுத்தது சார்ஜர். அதுல சின்ன லைட் இருந்தா அது எரியணும். லேப்டாப்புல சொருகாதப்ப எரிஞ்சுட்டு சொருகின உடனே அணைஞ்சா, பெரும்பாலும் லேப்டாப் பக்கம் எங்கயோ ஷார்ட் இருக்குதுன்னு அர்த்தம், அதை மெக்கானிக்தான் பாக்கணும். வேற சார்ஜர் போட்டுப் பாக்குறதா இருந்தா பின்னாடி லேபிளைப் படிங்க, பழையதுல 19 வோல்ட்னு இருந்தா இதுலயும் 19 வோல்ட்தான் இருக்கணும், ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்ல, குறைவா இருக்கக்கூடாது, பின்னும் அதே பின்னா இருக்கணும். பக்கத்து வீட்டு சார்ஜர் ஓட்டைக்குள்ள போவுதேன்னு சொருகிடாதீங்க.

அதுக்கப்புறம் பண்றதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் பண்றதில்ல. சார்ஜரைக் கழட்டிட்டு, அடியில இருக்குற பேட்டரியையும் கழட்டிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் புடிங்க. உள்ள தங்கியிருக்குற மிச்ச கரண்ட் எல்லாம் இறங்கிடும். அப்புறம் பேட்டரி இல்லாம சார்ஜரை மட்டும் சொருகி ஆன் பண்ணுங்க. ரொம்ப வருஷம் சும்மா கிடந்த லித்தியம் பேட்டரி அடியோட இறங்கிப் போயிருக்கும், திரும்ப சார்ஜே ஏத்துக்காது, சில மாடல்ல அந்த கெட்ட பேட்டரி உள்ள இருந்தாலே மெஷின் எழுந்திரிக்க மாட்டேங்குது. அதைக் கழட்டினதும் ஆன் ஆனா போர்டு நல்லா இருக்குது, பேட்டரிதான் போயிருக்குதுன்னு தெரிஞ்சுடும். பேட்டரி இல்லாமயே ஓட்டலாம், என்ன, கரண்ட் போன செகண்டே ஆஃப் ஆயிடும், எழுதினதை அப்பப்போ சேவ் பண்ணிக்கணும். புது மாடலுங்கள்ல பேட்டரி உள்ளயே இருக்கும், அதை வீட்டுல திறக்க வேணாம்.

ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா ஸ்கிரீன் மட்டும் கருப்பா இருக்குதுன்னா அது வேற கதை. டார்ச்சை சாய்ச்சு ஸ்கிரீன் மேல அடிச்சுப் பாருங்க, மங்கலா எழுத்து தெரிஞ்சா உள்ள எரியற லைட்தான் போயிருக்குது. டிவியில கேபிள் போட்டுப் பாத்தாலும் தெரிஞ்சுடும். ரெண்டும் இல்லன்னா ராம் கார்டை (மெஷின் ஓடுறப்ப பயன்படுத்துற மெமரி கார்டு) கழட்டி அதோட தங்க நிறப் பல்லை அழி ரப்பரால மெல்லத் தேய்ச்சு திரும்பப் போட்டுப் பாக்கலாம், பேட்டரியையும் சார்ஜரையும் கழட்டிட்டுதான் இதைப் பண்ணணும்.

ஒண்ணை மட்டும் பயத்தோட சொல்றேன். நம்ம வேலூர் வெயில் எப்படின்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல, கத்திரியில 40 டிகிரிக்கு மேல போவுது, ஓட்டு வீட்டுப் பரண் மேல இன்னும் ஜாஸ்தி. பழைய பேட்டரி உப்பிக்கும். அடிப்பக்கம் புடைச்சிருந்தாலோ மவுஸ் தேய்க்கிற இடம் தூக்கிக்கிட்டு இருந்தாலோ சார்ஜ் போடவே போடாதீங்க, குத்தாதீங்க, குப்பை வண்டியிலயும் போடாதீங்க, தீப்புடிக்கும். இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்டதான் குடுக்கணும்.

கடைக்காரங்க எல்லாரையும் நான் குறை சொல்லல. மீட்டரை வெச்சுப் பொறுமையா பாத்து, சார்ஜர் சொருகுற ஜாக் ஆடுதுன்னு கண்டுபுடிச்சு அதை மட்டும் மாத்திக் குடுக்குறவங்களும் வேலூர்ல இருக்காங்க. "போர்டு போச்சு"ன்னு சொன்னா, எதை வெச்சு சொல்றீங்க, கரண்ட் உள்ள வருதான்னு பாத்தீங்களான்னு நாம கேக்கணும். கேட்டா தப்பில்ல.

நெசமாவே போர்டு போயிருந்தாலும் நாம சேவ் பண்ணதெல்லாம் இருக்குற ஹார்ட் டிஸ்க் தனி பொருள், அது பெரும்பாலும் நல்லாதான் இருக்கும். அதைக் கழட்டி யூஎஸ்பி கேஸ்ல, அதாவது ஒயர் வெச்ச சின்ன டப்பாவுல போட்டா வேற கம்ப்யூட்டர்ல திறந்துக்கலாம், அந்த கேஸ் சில நூறு ரூபாய்தான். கல்யாண போட்டோ, புள்ளைங்க ப்ராஜெக்ட், ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் பண்ணது எல்லாம் அதுலதான் கிடக்குது. இறந்துபோனவங்க போட்டோ அதுல மட்டுமே இருக்குற வீடும் இருக்குதுங்க. அதோடவே கிலோ ரேட்டுக்குப் போடுறது எவ்வளவு பெரிய நஷ்டம், யார் கையில போய்ச் சேரும்னும் தெரியாது.

உங்க பேப்பர் மூலமா ஒரு கோரிக்கை வைக்கிறேன். பாகாயத்துல தந்தை பெரியார் அரசு இன்ஜினியரிங் காலேஜ் இருக்குது, மாவட்டத்துல பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் இருக்குது. அங்க படிக்கிற பசங்களை வெச்சு மாசத்துல ஒரு சனிக்கிழமை பழைய லேப்டாப்பை சோதிச்சு சொல்ற முகாம் நடத்தச் சொல்லி கலெக்டர் ஏற்பாடு பண்ணணும். ரிப்பேர் பண்ணிக்கூட தர வேணாம், எது போயிருக்குதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாலே போதும், கடையில யாரும் ஏமாத்த முடியாது. பசங்களுக்கும் கைவேலை பழகும். வேலூர்ல மட்டும் வெச்சா பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் ஜனங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரணும், அதனால தாலுகாவுக்கு ஒரு ஸ்கூல்ல வெச்சா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
குடியாத்தம்.