உள்ளூர் மரக்கறி என்றால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளூர் விளைச்சலை வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்வோர் இப்போது கூடிவிட்டார்கள். சரியான பேச்சுத்தான். விடியப் பிடுங்கிய கீரை மத்தியானத்துக்குள் சட்டிக்குப் போய்விடுகிறது. தம்புள்ளையில் மூட்டை கட்டி ஏ9 வீதியால் வரும் போஞ்சிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. லொறிக் கூலியும், வழியில் நசிந்து அழுகுவதும் விலையில் ஏறுகின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘எங்கே விளைந்தது’ என்பதோடு கேள்வியை நிறுத்தினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணுக்கு அடியில் கிடப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். வருடம் முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறும் மாரியோடு சரி. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கித்தான் தோட்டக் கிணற்றுக்கும் வீட்டுக் கிணற்றுக்கும் வருகிறது. வெங்காயத்துக்குப் போட்ட யூரியா இறங்குவதும் அதே வழியால்தான்.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஒரு கிலோ யூரியா பயிருக்கு எட்டாமல் முழுதும் நைதரேற்றாக (தண்ணீரில் கரையும் நைதரசன் வடிவம்) மாறிக் கீழே போனால், அது ஏறக்குறைய இரண்டு கிலோ நைதரேற்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கணக்குப் போட்டால், அந்த ஒரு கிலோ 40,000 லீற்றர் நல்ல தண்ணீரை அந்த எல்லைவரை கொண்டுபோய்விடும். கொதிக்க வைத்தால் தீராதா என்பார்கள். தீராது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், நைதரேற்று அப்படியே இருக்கும். பெரிய ஆபத்து, அந்தத் தண்ணீரில் கரைத்த மாப்பாலைக் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு: இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

இதற்காகக் கமக்காரரைத் திட்டிப் பயனில்லை. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியால் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்துவிட்ட கூத்தை எல்லோரும் பார்த்தோம். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. 1.5 வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவால் அதை ஈடுசெய்ய ஒன்றரைத் தொன் வேண்டும். அதிலும் ஒரு பங்குதான் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஆகவே போகத்துக்குப் போகம் எருவைக் கூட்டி யூரியாவைக் குறைப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.

அதற்கான வழிகள் இங்கே புதியவை அல்ல. தோட்டத்தில் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைப்பதும், பூவரசங் குழையும் பனையோலையும் மண்ணுக்குள் தாழ்ப்பதும் பழைய வழக்கம். பச்சைக் குழை தாழ்த்த உடனே நடக்கூடாது; அது உக்கும்போது இளம் வேர் பழுதுபடும். இரண்டு மூன்று கிழமை விட வேண்டும். (உயிர்வேலியை வெட்டி மதில் கட்டினோம், இப்போது குழைக்கு எங்கே போவது என்கிறோம்.) யூரியா போடத்தான் வேண்டுமென்றால் சிறிது சிறிதாகப் பிரித்துப் போட்டு, அளவாக இறைக்க வேண்டும். வெங்காய வேரில் பெரும்பகுதி மேல் ஒரு அடிக்குள்தான் நிற்கும். வாய்க்கால் நிரம்ப விட்டால் அந்த ஆழத்தைத் தாண்டிய தண்ணீரும் பசளையும் பயிருக்கு இல்லை. பெருமழை வரும் நாளுக்கு முன்தினம் யூரியா எறிவது காசை நேரே கிணற்றில் எறிவதுதான்.

பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியின் கதை வேறு. போத்தலில், கடைசியாக அடித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று போட்டிருக்கும். கோவாவுக்கு அது சிக்கலில்லை. ஒரே தடவையில் வெட்டி முடிகிறது. கத்தரி, பயிற்றங்காய், மிளகாய் அப்படியல்ல. சில நாளுக்கு ஒருமுறை ஆயாவிட்டால் காய் முற்றிவிடும். மருந்து சொல்லும் இடைவெளி அதைவிடக் கூட இருந்தால், காத்திருப்பவர் நட்டப்படுவார், காத்திராதவரின் காய் சந்தைக்கு வரும். பிழை இந்த இடத்தில்தான் நடக்கிறது. மஞ்சள் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் கழுவினால் தோலில் உள்ளதில் ஒரு பங்கு போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து போகாது. கத்தரியில் துளைப்பான் புழுவுக்கு மருந்தைக் குறைக்க ஒரு வழி, வாடித் தொங்கும் குருத்தைக் கிழமைக்கு ஒருமுறை நறுக்கி எரிப்பது. புழு அதற்குள்தான் இருக்கும். கூலி செலவாகும், அந்தச் செலவை வாங்குபவர் விலையில் ஏற்க வேண்டும். ஒரு புள்ளிகூட இல்லாத பளபளத்த கத்தரிக்காயைத்தான் தேடுவேன் என்றால் மருந்தைக் கேட்பவர் நாங்கள்தான்.

சாப்பாட்டிலும் காலத்தைப் பார்க்கலாம். மாரியில் முசுட்டை, வல்லாரை. மார்கழி, தையில் பனங்கிழங்கு. அதன் பின், அந்தக் கிழங்கைக் காயவைத்த ஒடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிக் கசப்பைப் போக்கித்தான் கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்க வேண்டும். பனைக்கும் வேலி முருங்கைக்கும் யாரும் யூரியா போடுவதில்லை, இறைப்பதுமில்லை. வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். அதற்கு வெகு முன்னரே மஞ்சளாக வந்தால், மருந்து வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம்; வாங்காமல் விடுங்கள்.

ஒரு வேண்டுகோள். பிரதேச சபைகள் தங்கள் சந்தைகளில், விளைவித்தவரே நேரில் விற்க ஒரு பக்கத்தை ஒதுக்கட்டும். இடையில் நிற்கும் வியாபாரிக்கு மருந்து அடித்த திகதி தெரியாது. அங்கே ஒரு மட்டையில் மூன்று வரி எழுதினால் போதும்: எந்த ஊர், என்ன பசளை, கடைசியாக மருந்து அடித்த நாள். எல்லா மரக்கறிக்கும் உடனே வேண்டாம். கத்தரி, பயிற்றங்காய், மிளகாய் மூன்றுக்கும் முதலில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
கோண்டாவில்.