நாலு சுரத்தில் ஒரு பாகம்

பசுமலை,
மதுரை.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கோயம்புத்தூரில் உங்கள் சபைப் பையன்களுக்கு நீ மூன்று நாள் கொயர் பயிற்சி நடத்தப்போகிறாய் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். பதினான்கு, பதினைந்து வயசு, எல்லோருக்கும் மகரக்கட்டு உடைந்து குரல் மாறியாயிற்று என்றாள். ஆராதனை முடிந்து படியிறங்கும்போதே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், என் மகன் நடத்துகிறான் என்று. கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. இதையாவது ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும்.

முதல் நாள் பாட்டை எடுத்துவிடாதே. ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டுக் கேள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல். பேச்சுக் குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கீபோர்டில் தொட்டுப் பார். அதற்கு மூன்று, நான்கு அரைச்சுரம் கீழேதான் அவனுடைய அடிமட்டம் இருக்கும். அங்கிருந்து ஐந்தைந்து சுரமாக ஏற்றிக்கொண்டே போய், சிரமப்படுகிற இடத்தைக் குறித்துக்கொள். தலைக்கு இரண்டு நிமிஷம். அன்று ஒன்றுமே வராதவன் இருந்தாலும், "வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிடாதே.

புதிதாக உடைந்த குரல் பெரும்பாலும் கீபோர்டின் நடுவில் இருக்கிற நடு சி-யிலிருந்து ஒரு ஸ்தாயி இறங்கி, அதற்குக் கீழே அடுத்த பி வரை போகும். மேலே நடு சி-யைத் தாண்டி டி வந்தால் பெரிது. சிலருக்கு நடு சி-யை ஒட்டி மேலே நாலைந்து சுரம் வெறும் காற்றாக இருக்கும். அதற்கும் மேலே கள்ளத்தொண்டையில், அதாவது மெல்லிய பொய்க்குரலில், மறுபடி வரும். இப்போது ஞானப்பாட்டின் நான்கு பாகத்தை எடுத்துப் பார். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் அடியில் ஜி, எஃப் என்று இறங்குகிறது. ஆண்களின் மேல்குரலான டெனர் நடு சி-க்கு மேலே எஃப் வரை ஏறுகிறது. பையன் இரண்டிலும் அடங்கமாட்டான். தொண்டையை நெரிப்பான், இல்லையென்றால் ஒரே சுரத்தில் முனகுவான். காது சரியில்லை என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். காதில் ஒரு குறையும் இருக்காது. குரல்வளை வளர்ந்து, குரல்நாண் நீண்டு தடித்துவிட்டது. நேற்றுவரை பழகிய பிடி இன்று அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். நாண்கள் பின்பக்கம் முழுசாகச் சேராததால் காற்றும் கலந்து வரும். அதைப் போய் "சத்தமாய்ப் பாடு" என்றால் அழுத்துவான், சாயங்காலத்துக்குள் கம்மிவிடும்.

எனவே அந்த இரண்டும் இல்லாமல், பையன்களுக்கென்று மூன்றாம் பாகம் ஒன்றை நீயே எழுது. ஐந்தாறு சுரத்துக்குள் இருக்கட்டும். பெரிய தாவல் வேண்டாம். கீபோர்டில் அவர்கள் பாடுகிற ஸ்தாயியிலேயே வாசித்துக் காட்டு. மேல் ஸ்தாயியில் வாசித்தால் பாதிப் பேர் அதைத் துரத்திக்கொண்டு ஏறுவார்கள். குரல் பழக்கும்போது மேலிருந்து கீழே வா. கள்ளத்தொண்டையில் "ஊ" என்று தொடங்கி வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். உதட்டைத் துடிக்கவிட்டு "ப்ர்ர்ர்" என்று இறங்குவதும் நல்லது. கீழ்க்குரலை இழுத்துக்கொண்டு மேலே ஏறினால்தான் பிசிறு தட்டும். இருபது நிமிஷம் பாடினால் பத்து நிமிஷம் ஓய்வு. செருமினால் தண்ணீர் கொடு. ஸ்டாண்டு ஃபேன் பக்கத்தில் நிறுத்தாதே, அந்த இரைச்சலை மிஞ்சப் பார்த்துக் கத்துவார்கள். குரல் பதிந்தவர்களைப் பின்வரிசையில் நிறுத்து. முன்னால் நிற்கிறவன் சுரத்தைக் காதில் வாங்கிக்கொள்வான். ஒருவன் குரல் உடைந்து மற்றவர்கள் சிரித்தால், அங்கேயே நிறுத்தி, ஏன் உடைகிறது என்று எல்லோருக்குமாகச் சொல். வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதே.

1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இதே மதுரையில் பையன்களே நடிக்கிற பாலசபை ஆரம்பித்தார். அப்படிப்பட்ட பாய்ஸ் நாடகக் கம்பெனிகள் இருந்த அந்தக் காலத்தில், மகரக்கட்டு உடைந்த பையனுக்குப் பாட்டு வேஷம் போய்விடும். மேடைக்கு அந்தக் குரல் வேண்டும், அவர்கள் கம்பெனி நடத்தினார்கள். எனக்கு என்ன வந்தது?

உனக்குப் பதிமூன்று வயசு. கேரல் ரவுண்ட்ஸுக்கு இரண்டு நாள் முன்னால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்று உன்னிடம் சொன்னது நான். அன்றைக்கு உனக்குச் சுத்தமாக நாலு சுரம் வந்துகொண்டிருந்தது. என் காதில் விழுந்தது. அந்த நாலுக்கு ஒரு பாகம் எழுதப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. நான் எழுதவில்லை. கொயர் மாஸ்டர் மகனே அபஸ்வரம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அதுதான் என் கவலையாக இருந்தது. அதற்குப் பிறகு நீ இந்த வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. தப்பு என்னுடையது தம்பி.

சனிக்கிழமை அக்கா வரும்போது பருப்புப்பொடியோடு ஒரு தாளும் கொடுத்துவிடுகிறேன். அந்தக் கேரலுக்கு மூன்றாம் பாகம், இப்போது எழுதியது. தோ-விலிருந்து ஃபா வரை நாலே சுரம். தோ மூன்று கட்டைச் சுருதி, கீபோர்டில் ஈ. பையன்களுக்கு எட்டாவிட்டால் அரைக் கட்டை இறக்கிக்கொள். மூன்றாவது அடியில் மூச்சு எடுக்கிற இடத்தைப் பென்சிலால்தான் போட்டிருக்கிறேன். உனக்குச் சரிப்படாவிட்டால் அழித்துவிட்டு மாற்று.

அப்பா